சர்க்கரைத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை வேலூரில் டாக்டர் சாவித்திரி சொன்னதை, இந்த வெள்ளிக்கிழமை காலைவரை லாவண்யா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறைக்க வேண்டும் என்று இல்லை. வாரம் முழுக்கச் சொல்லத்தான் பார்த்தாள். கணவன் ஹேமநாத் சாப்பிட உட்காரும்போது ஆரம்பிக்கலாம் என்று நினைப்பாள். அந்த நேரம் பார்த்து மாமியார் பொன்னம்மாள் ரசம் ஊற்ற வந்து நிற்பாள். மாமியாரிடமே சொல்லிவிடலாம் என்று போவாள். அந்த முகத்தைப் பார்த்ததும், பருப்பு ஊறப் போடட்டுமா என்று எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் லாவண்யாவுக்கு ஆரணியில் ஒரு நர்சிங் ஹோமில் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பிறந்ததும் அறை அதிர அழுதது. பொன்னம்மாள் விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டு அதன் நாக்கில் வைத்தாள். அந்த வீட்டில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் வைத்தார்கள்.

விடிந்தபோது குழந்தை பால் குடிக்கவில்லை. மூச்சு முனகலாக வந்தது. வாடகைக் கார் பிடித்து வேலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு நர்ஸ், "வாயில ஏதாவது வெச்சீங்களா?" என்று கேட்டாள். பொன்னம்மாள் உள்ளதைச் சொன்னாள். நர்ஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், ஹேமநாத் தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "நீதான் கொன்னுட்ட."

பிரசவித்த உடம்போடு ஆரணியில் படுத்திருந்த லாவண்யாவுக்கு இது தெரியாது. கூடப் போயிருந்த நாத்தனார் தீபா பிறகு சொல்லித்தான் தெரியும். ஹேமநாத் அந்த வார்த்தையை அதற்குப் பிறகு ஒருநாளும் திரும்பச் சொல்லவில்லை. அதை வாபஸ் வாங்கவும் இல்லை.

பொன்னம்மாள் வழக்கம்போல எழுந்தாள், சமைத்தாள், தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றினாள். ஆனால் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். போன வருடம் சொந்த மகள் தீபாவுக்குப் பெண் பிறந்தபோதுகூட வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். தூக்கச் சொன்னதற்கு, "கையெல்லாம் அழுக்கா இருக்குது" என்றாள். அவள் அப்போதுதான் கை கழுவியிருந்தாள்.

இப்போது லாவண்யாவுக்கு மறுபடியும் ஒன்பதாம் மாதம்.

---

ஹேமநாத் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். புடவை பார்டருக்கு டிசைன் போடுவது அவன் தொழில். திரையில் ஒரு மயில் சதுரம் சதுரமாக நின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கு வேலூர் போவணும்" என்றாள் லாவண்யா.

"போன வாரம்தான போன?"

"ஒரு டெஸ்ட் எடுக்கலாமான்னு யோசிச்சி சொல்லச் சொன்னாங்க. இன்னிக்கு சொல்லணும்."

அவன் மயிலின் கழுத்தில் ஒரு சதுரத்தை நிரப்பினான். "இன்னா டெஸ்ட்?"

லாவண்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியாது என்று தோன்றியது.

முதல் பிரசவத்தைப் பற்றி டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டதைச் சொன்னாள். தண்ணிக்குடம் எப்போது உடைந்தது, வலி எப்போது வந்தது, குழந்தை எப்படி மூச்சு விட்டது. முதல் நாள் சாயங்காலம் உடைந்தது, மறுநாள் சாயங்காலம்தான் பிறந்தது என்று இவள் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தார்.

"ஒரு கிருமி இருக்குதாம். குரூப் பி ஸ்ட்ரெப்னு பேரு. நல்லா இருக்கற பொம்பளைங்க உடம்புலயே சும்மா இருக்குமாம். நமக்கு ஒண்ணும் பண்ணாது, இருக்கறதே தெரியாது. கொழந்த வெளிய வரும்போது சில சமயம் அதுக்கு ஒட்டிக்கும். அதுல எங்கயோ ஒரு கொழந்தைக்கு ரொம்ப முடியாம போயிடுமாம். நம்ம பையனுக்கு அதுவா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க."

ஹேமநாத்தின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"இருந்திருக்கலாம்னா?"

"நிச்சயமா சொல்ல முடியாதாம். இப்ப எனக்கு இருக்குதான்னு வேணா பாக்கலாம். பஞ்சு சுத்துன குச்சியில தொட்டு எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. இருந்தா, வலி எடுத்ததும் டிரிப்ஸ்ல மருந்து ஏத்துவாங்க. கொழந்தைக்குப் பெரும்பாலும் வராம தடுத்துடலாமாம். நம்ம ஊர்ல எல்லாருக்கும் இந்த டெஸ்ட் பண்றதில்ல. எனக்கு மொதல்ல அப்படி ஆனதால கேக்கறாங்க. முடிவு உங்களுதுதான்னு சொல்லிட்டாங்க."

"டெஸ்ட்லாம் வேணாம்" என்றான் ஹேமநாத்.

யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதில் அவனிடம் தயாராக இருந்ததுபோல வந்தது.

"ஏங்க?"

"மருந்து ஏத்துனா சரியாப் போவும்ல? டெஸ்ட் எடுக்காமயே ஏத்தச் சொல்லு."

லாவண்யாவும் அதையேதான் டாக்டரிடம் கேட்டிருந்தாள். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், மருந்தை மட்டும் போட்டுவிடுங்கள் என்று. டாக்டர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்படியும் போடலாம்னாங்க. ஆனா தெரிஞ்சிருந்தா நல்லதுன்னாங்க. தண்ணி உடைஞ்ச உடனே ஓடி வரணும், வலி வரட்டும்னு வீட்ல காத்திருக்கக் கூடாது. பொறந்த அப்பால ரெண்டு நாள் கொழந்தைய பக்கத்துலயே வெச்சி பாக்கணும். தெரியாம இருந்தா நாமளும் அசால்ட்டா இருந்துடுவோம், அவங்களும் இருந்துடுவாங்கன்னு சொன்னாங்க."

"தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற லாவண்யா? இருக்குதுன்னு வந்தா உக்காந்து அழுவப் போற. அது எதுக்கு?"

"இல்லன்னு வந்தா?"

அவன் முள்ளிப்பட்டில் ஒரு தறி வீட்டுக்கு டிசைன் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து சட்டையை மாட்டினான். பைக் சத்தம் தெரு முனைவரை கேட்டது. கம்ப்யூட்டரை அவன் அணைக்க மறந்துவிட்டான். கழுத்து மட்டும் நிரம்பிய மயில் திரையில் இருந்தது.

இவ்வளவு பயப்படுகிறவன் இல்லையே என்று லாவண்யா நினைத்தாள். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

---

பொன்னம்மாள் உள்ளறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினத்தை ஒரு கை சுழற்ற, மறு கை விரல்களுக்கு நடுவில் அரக்குப் பட்டு நூல் ஓடிக்கொண்டிருந்தது.

"வேலூருக்கா?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"கேட்டுகினுதான் இருந்தீங்களா அத்த?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம்தான பேசினீங்க."

லாவண்யா தரையில் உட்கார வசதியில்லாமல் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். ராட்டினம் நின்றது. பொன்னம்மாள் நூலை அறுக்காமல் விரலில் பிடித்தபடியே இருந்தாள்.

"அந்தக் கிருமி உன் உடம்புலதான் இருக்கும்னு சொன்னாங்களா?"

"இருந்தா என் உடம்புலதான்."

"அது தெரிஞ்சா இன்னா பேசுவாங்க, தெரியுமா?"

"டாக்டர் சொன்னாங்க அத்த, இது சீக்கு இல்ல, சுத்தமில்லாததால வர்றதும் இல்ல. யாருக்கு வேணா இருக்கும்."

"டாக்டர் சொல்லுவாங்க. நம்ம ஜனம் சொல்லாது." பொன்னம்மாள் விரலில் இருந்த நூலைப் பார்த்தபடி சொன்னாள். "நீ அந்த டெஸ்ட் எடுக்க வேணாம். மருந்த மட்டும் போட்டுக்கோ. அன்னிக்கி நடந்தது நடந்ததாவே இருக்கட்டும். என்மேலயே இருக்கட்டும். எனக்குப் பழகிப் போச்சி."

அவள் அதை எந்தக் குறையும் இல்லாமல் சொன்னாள். இடுப்பு வலியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ சின்னப் பொண்ணு. இன்னொண்ணு வயித்துல வெச்சிகினு இருக்கற. உன்மேல வந்தா தாங்க மாட்ட. எனக்கு இனிமே இன்னா இருக்குது?"

இந்த வீட்டில் யாரும் யாரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியதில்லை. அதற்குப் பெயர் வைக்கவில்லை. பேச்சில் அது 'அன்னிக்கி' என்ற ஒரு சொல்லாக மட்டும் இருந்தது. அன்னிக்கி நடந்தது. அன்னிக்கி வந்த கார்.

"அத்த, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அன்னிக்கி ராத்திரி பூரா அவன் என் பக்கத்துல படுத்துகினு முனகிகினே இருந்தான். மூச்சு விடும்போதெல்லாம் ஒரு சத்தம். நான் முழிச்சிகினுதான் இருந்தேன். சொகமா தூங்கறான், அதான் அப்படி சத்தம் வருதுன்னு நெனச்சேன். எனக்கு அந்த சத்தம் பிடிச்சிருந்தது. கேட்டுகினே படுத்திருந்தேன். நர்ஸக் கூப்பிடல."

பொன்னம்மாளின் விரலிலிருந்து நூல் நழுவியது.

"இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள் லாவண்யா. "பழி உங்க மேல மட்டும் இருந்தது, அதனால என்ன யாரும் எதுவும் கேக்கல. நீங்க வாங்கிகினதுலதான் நான் இத்தினி நாளா தப்பிச்சிகினு இருக்கேன். இந்தத் தடவ அந்த சத்தம் கேட்டா எனக்கு இன்னான்னு தெரியணும் அத்த. தெரியாம இன்னொரு ராத்திரி படுத்திருக்க என்னால முடியாது."

வெளியே எங்கோ பவர்லூம் ஓடும் சத்தம் விடாமல் கேட்டது.

"டெஸ்ட் எடுக்கறேன்" என்றாள் லாவண்யா. "நீங்களும் என்கூட வாங்க."

"நானா? அந்த ஊருக்கா?"

"இது வேற இடம். சின்ன கிளினிக்."

பொன்னம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் துடைக்க அந்தக் கையில் ஒன்றும் இல்லை. பிறகு எழுந்து, வேறு புடவை மாற்றப் போனாள்.

---

டாக்டர் சாவித்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போது மேசைமேல் இருக்கும் எதையாவது நேராக அடுக்கிக்கொண்டே பேசுகிற பழக்கம்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"எடுத்துக்கறேன் மேடம்."

"வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"வேணாம்னாரு."

டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். சில நிமிஷ வேலை. வலியில்லை, கூச்சம்தான். குச்சியை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, அதன்மேல் லாவண்யாவின் பெயரை எழுதினார்கள். இத்தனை பெரிய விஷயம் இவ்வளவு சின்னக் குழாய்க்குள் போய்விட்டது அவளுக்கு நம்பும்படியாக இல்லை.

"லேப்ல அது வளருதான்னு பாக்கணும். திங்கட்கிழமை சொல்லிடறேன். பென்சிலின் ஊசி எப்பவாவது போட்டு அரிப்பு, தடிப்பு வந்திருக்கா?"

"இல்ல மேடம்."

"நல்லது. அதுக்குள்ள தண்ணி உடைஞ்சா, ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்காதீங்க. எந்த நேரமானாலும் வந்துடணும். மருந்து போட்டாலும் நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரொம்பப் பெரிய பாதுகாப்பு."

பொன்னம்மாள் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"அம்மா, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

பொன்னம்மாள் லாவண்யாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் மேசைக்குக் கிட்டே வந்தாள்.

"நான் சர்க்கரத் தண்ணி வெச்சேன்மா" என்றாள். "அன்னிக்கி. பொறந்ததும். என் வெரலால வெச்சேன். கை கழுவிட்டுத்தான் வெச்சேன். டம்ளர் ஆஸ்பத்திரியிலயே குடுத்தாங்க. கழுவுன டம்ளரான்னு நான் பாக்கல."

இத்தனை வருடமும் அவள் அதை வரிசை தப்பாமல் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது கேட்ட இருவருக்கும் புரிந்தது.

டாக்டர் அடுக்கிக்கொண்டிருந்த காகிதங்களை விட்டுவிட்டார்.

"அம்மா, பொறந்த குழந்தைக்கு எதுவும் வைக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டும்தான். இந்தத் தடவையும் வைக்காதீங்க. அத நான் கண்டிப்பா சொல்லுவேன்."

பொன்னம்மாள் தலையசைத்தாள்.

"ஆனா நீங்க கேக்கறது அது இல்ல. நீங்க வெச்ச தண்ணியால ஒரே ராத்திரியில குழந்தைக்கு மூச்சு அப்படி ஆகியிருக்கும்னு எனக்குத் தோணல. தண்ணிக்குடம் உடைஞ்சு ஒரு நாள் ஆயிருக்கு. அந்தக் குழந்தை வெளிய வரும்போதே அதுக்கு நோய் வந்திருக்கணும். அந்த சமயத்துல நீங்க உள்ளயே வரல."

"நிச்சயமாவா?"

"அந்தக் குழந்தைய நான் பாக்கல. ரத்தம் எடுத்துப் பாத்தாங்களான்னும் தெரியாது. அதனால எந்தக் கிருமின்னு என்னால சொல்ல முடியாது. இப்ப எடுத்த டெஸ்ட்டும் அத சொல்லாது. இன்னிக்கு இவங்களுக்கு இருந்தா அன்னிக்கும் இருந்ததுன்னு அர்த்தம் இல்ல, இல்லன்னா அன்னிக்கும் இல்லன்னு அர்த்தம் இல்ல. வரும், போகும். இந்த டெஸ்ட் வரப்போற குழந்தைக்காக மட்டும்தான்." டாக்டர் பொன்னம்மாளின் கையைப் பார்த்தார். "ஆனா உங்க விரல் இல்லம்மா. அத நான் சொல்லுவேன். இவங்க தப்பும் இல்ல. இவங்க ஒடம்புல எது இருக்குன்னு இவங்களுக்கே தெரியாது."

பொன்னம்மாள் கைகூப்பினாள். நன்றிக்குக் கும்பிடுகிறாளா, போதும் என்று கும்பிடுகிறாளா என்று தெரியவில்லை.

---

ஆரணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை வரப்போகிற வெளிச்சம். கண்ணமங்கலம் தாண்டும்வரை பொன்னம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அந்தப் புள்ளைக்காக நான் அழுவவே இல்ல, தெரியுமா?"

லாவண்யா திரும்பினாள்.

"திரும்பி வர்ற கார்ல என் மடியிலதான் வெச்சிகினு வந்தேன். துணி சுத்தி. தீபா அழுதா. இவன் முன்னால உக்காந்து அழுதுகினு வந்தான். எனக்கும் வந்தது. நான் அழுதா, கொன்னுட்டு அழுவறா பாருன்னு சொல்லிடுவானோன்னு இருந்தது. பல்லக் கடிச்சிகினேன். அப்பால வரவே இல்ல. எனக்கும் அது பேரன்தான். ஆனா எனக்கு அழ பாத்தியம் இல்லன்னு விட்டுட்டேன்."

சொல்லி முடித்ததும் அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் ஆடின. பக்கத்து சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

லாவண்யா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. மூன்று வருடமாக அடைத்து வைத்தது. வரட்டும் என்று விட்டாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஒரே குழந்தைக்காக இருவரும் சேர்ந்து அழுவது இதுதான் முதல் தடவை.

ஊர் நெருங்கும்போது பொன்னம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லாவண்யா, எனக்கு ஒண்ணு செய்."

"சொல்லுங்க அத்த."

"டாக்டர் என்கிட்ட சொன்னத அவன்கிட்ட சொல்லாத."

"எதுக்கு?"

"அன்னிக்கி அவன் சொன்ன வார்த்த தப்புன்னு தெரிஞ்சா, அவன் தாங்க மாட்டான். பெத்தவளப் பாத்து இப்படி சொல்லிட்டோமேன்னு ஒடைஞ்சி பூடுவான். எனக்குத் தெரிஞ்சிடிச்சி, உனக்குத் தெரிஞ்சிடிச்சி. அது போதும். அவன் அப்படியே இருக்கட்டும்."

பஸ், நிலையத்துக்குள் திரும்பியது. லாவண்யா ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

---

ஹேமநாத் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குப் போய், இருவரையும் காணாமல் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். அம்மாவும் இறங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அம்மாவ எதுக்கு இட்டுகினு போன?"

"நான்தான் கூப்பிட்டேன்."

"டெஸ்ட் எடுத்தியா?"

"எடுத்தேன். திங்கக்கிழமை தெரியும்."

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

பொன்னம்மாள் மருமகளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. லாவண்யா அதைப் பார்த்தாள். அந்தக் கண்கள் அழுது சிவந்து இன்னும் ஈரமாக இருப்பதையும் பார்த்தாள்.

"சர்க்கரத் தண்ணியால இல்லயாம்" என்றாள்.

ஹேமநாத் அதிரவில்லை. எதனால் என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும்" என்றான்.

லாவண்யாவுக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது.

"இன்னா தெரியும்?"

"அதுக்கு அடுத்த மாசம், இறந்ததுக்கு சர்ட்டிபிகேட் வாங்க வேலூர் போனேன்ல. அன்னிக்கி பாத்த டாக்டர் அங்க இருந்தாரு. அவரே கூப்பிட்டு சொன்னாரு. ரத்தத்துல கிருமின்னு வந்திருக்குது, பொறக்கும்போதே வந்தது, நீங்க குடுத்த எதனாலயும் இல்லன்னு. இங்கிலீஷ்ல ஏதோ பேரு சொன்னாரு. நான் சரியா கேட்டுக்கல."

பஸ்கள் உள்ளே வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. திருவண்ணாமலை, திருவண்ணாமலை என்று ஒரு கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன்" என்றான். அவன் அம்மாவைப் பார்க்காமல் லாவண்யாவிடம் சொன்னான். "வீட்டுக்கு வந்தா அம்மா சாப்பிடாம உக்காந்திருந்தது. நாளைக்கு சொல்லலாம்னு பாத்தேன். அப்பால எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நாள் ஆக ஆக, இவ்ளோ நாளா ஏன் சொல்லலன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு ஆயிடிச்சி. பொறக்கும்போது வந்ததுன்னா உன்கிட்ட இருந்துதான வந்திருக்கும். உன்னையும் ஏன் நோவடிக்கறதுன்னு..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள் லாவண்யா. குரல் உயரவில்லை. "போன வாரம் நான் போறதுக்கு முன்னால நீங்க சொல்லியிருந்தா, டாக்டர் டெஸ்ட்டுக்குக்கூட காத்திருக்காம நேரா மருந்துன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. காலையில நான் எல்லாம் சொன்னேனே. அப்பகூட வாயத் தொறக்கல. வயித்துல இருக்கறதுக்காவது சொல்லியிருக்கணும்."

அவன் பைக் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை நீங்களே வந்து டாக்டர்கிட்ட சொல்லணும். அதுக்கு முன்னால அந்த ஆஸ்பத்திரிக்குப் போயி, அந்தப் பேரு இன்னான்னு கேட்டுகினு வரணும்."

"போறேன்."

பொன்னம்மாள் இதுவரை பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். மகன் உடைந்துபோய்விடுவான் என்று அவள் பயந்தாளே, அந்த மகன் எதிரில் நின்றான். உடையாமல், இத்தனை நாளும் தெரிந்துகொண்டு, அவள் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

"தீபாவுக்குப் பொண்ணு பொறந்தப்ப" என்று ஆரம்பித்தாள். "நான் வாசல்ல நின்னேன். நீ உள்ள இருந்து பாத்தியே."

"அம்மா..."

"பாத்தல்ல?"

"பாத்தேன்."

பொன்னம்மாள் கையைத் தூக்கி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"லாவண்யா, ஏறு. பைக்ல குலுங்கும்."

லாவண்யா ஏறினாள். பொன்னம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகளின் முதுகுக்குப் பின்னால் பையை அண்டக் கொடுத்தாள். ஹேமநாத் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

தூறல் விழ ஆரம்பித்தது. மார்க்கெட் அருகே ஆட்டோ ஊர்ந்தது. பைக் பின்னால் வந்துகொண்டிருந்தது. வழி கிடைத்த இடத்திலும் அவன் முந்தவில்லை. பொன்னம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"லாவண்யா."

"சொல்லுங்க அத்த."

"திங்கக்கிழமை அந்த ரிசல்ட் எப்படி வந்தாலும், மொதல்ல என்கிட்ட சொல்லு. இருக்குதுன்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. அவன்கிட்ட சொல்லி, எனக்கு எப்ப சொல்றதுன்னு அவன் யோசிச்சிகினு இருக்க வேணாம்."

"சரிங்க அத்த."

ஆட்டோக்காரர் தார்ப்பாயை இறக்கிவிட்டார். பின்னால் வருகிற பைக் அதற்குப் பிறகு தெரியவில்லை. சத்தம் மட்டும் வீடுவரை கேட்டுக்கொண்டிருந்தது.